ஒரு சொல், ஒரு சாய்தளம்

விருதுநகர்ல இருந்து அருப்புக்கோட்டை போற ரோட்டுல பாலவனத்தம்னு ஒரு ஊர் வரும். 1901ல மதுரையில நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கின பாண்டித்துரைத் தேவர், இந்த ஊர் ஜமீன்தார். அவரைப் பத்தி ஒரு கதை சொல்வாங்க. ஸ்காட்னு ஒரு வெள்ளைக்காரர், திருக்குறள்ல எதுகை சரியில்லைன்னு சொற்களை மாத்தி, 'திருத்தின' பதிப்பு ஒண்ணு போட்டாராம். தேவர் கிடைச்ச பிரதி எல்லாத்தையும் காசு கொடுத்து வாங்கி எரிச்சிட்டாராம்.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு பண்ணணுமான்னு தோணலாம். இன்னைக்கு நாம பேசப்போறது சட்டத்துல இருக்கிற சொற்களைப் பத்தி. அந்தச் சொற்களை வெச்சுத்தான் வீல்சேர்ல வர்ற ஒருத்தர் அரசு ஆபீசுக்குள்ள போக முடியுமா முடியாதான்னு முடிவாகுது.

1995ல நாடாளுமன்றம் மாற்றுத்திறனாளிகளுக்காக முதல் விரிவான சட்டத்தைக் கொண்டுவந்தது. அரசு வேலையில 3% இடஒதுக்கீடு அதுல இருந்தது. சாய்தளம், பிரெய்ல் குறியீடு, கழிப்பறை வசதி எல்லாமே அதுல இருந்தது. ஆனா கூடவே ஒரு வாசகமும் இருந்தது: அரசு இதையெல்லாம் 'தன் பொருளாதார வரம்புக்கு உட்பட்டு' செய்யணும். நிதி இல்லைன்னு சொல்லிட்டா அதோட முடிஞ்சது. வேலை கிடைச்சாலும், அந்த ஆபீஸ் வாசல்படியை ஏற முடியலைன்னா அந்த 3%க்கு என்ன மதிப்பு?

2005ல பார்வை மாற்றுத்திறனாளியான ராஜீவ் ரதூரி உச்ச நீதிமன்றத்துல பொதுநல வழக்கு போட்டார். அவர் கேட்டது சலுகை இல்ல. ரோடு, பஸ், ரயில், கட்டடம் எல்லாத்தையும் எல்லாரும் பயன்படுத்துற மாதிரி அமைங்கன்னு கேட்டார். வழக்கு நடக்கும்போதே இந்தியா 2007ல ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றது. அதை ஒட்டி 2016ல புதுச் சட்டம் வந்தது. 7 வகைக் குறைபாடுகள் 21 ஆச்சு, இடஒதுக்கீடு 4% ஆச்சு. முக்கியமா, அணுகல் வசதிக்கான பிரிவுகள்ல அந்தப் 'பொருளாதார வரம்பு' இல்லை. ஏற்கெனவே இருக்கிற பொதுக் கட்டடங்களையும் விதிகள் வந்து 5 வருஷத்துக்குள்ள மாத்தணும்னு சொல்லிடுச்சு.

சரி, பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. 2017ல வந்த விதிகள்ல 15ஆம் விதி, பல வழிகாட்டு நெறிமுறைகளைக் கைகாட்டிட்டு நின்னுடுச்சு. அந்த நெறிமுறைகள்ல பெரும்பாலும் 'செய்யலாம்', 'செய்வது நல்லது'ங்கிற தொனிதான்.

சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது உடனே புரியும். இணையத் தரநிலைகளை எப்படி எழுதணும்னு சொல்ற ஆர்.எஃப்.சி. 2119னு ஒரு ஆவணம் 1997ல வந்தது. 'மஸ்ட்'னா செஞ்சே ஆகணும், 'ஷுட்'னா தகுந்த காரணம் இருந்தா விட்டுடலாம்னு அது பிரிச்சு வெச்சிருக்கு. டெட்லைன் நெருங்கும்போது 'ஷுட்' எல்லாம் என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா? அதேதான் இங்கயும் நடந்தது. சட்டம் 'மஸ்ட்'னு சொன்னதை விதி 'ஷுட்' ஆக்கிடுச்சு.

2024 நவம்பர் 8ஆம் தேதி, தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு, ரதூரி வழக்குல இதையேதான் சொன்னது. கட்டாயம்னு சட்டம் சொல்றதை வெறும் பரிந்துரையா மாத்துற 15(1) விதி, சட்டத்துக்கே முரணானது. 3 மாசத்துக்குள்ள கட்டாய விதிகளைக் கொண்டுவாங்க. வழக்கு போட்டு 19 வருஷம் கழிச்சு இந்தத் தீர்ப்பு!

டெல்லியில ஜெயிச்ச சொல், கிராமத்துக்கு எப்படி வரும்? 2011 கணக்கெடுப்புப்படி நாட்டுல 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். அவங்கள்ல சுமார் 69% பேர் கிராமத்துலதான் இருக்காங்க. சாய்தளத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. 1 அடி உயரம்னா 12 அடி நீளம். வாசல் 2 அடி உயரத்துல இருந்தா 24 அடி வேணும். 6 அடியில முடிச்சிட்டா அது சாய்தளம் இல்ல, சறுக்கு மரம். ஃபைல்ல மட்டும் 'சாய்தளம் அமைக்கப்பட்டது'ன்னு இருக்கும். இந்தத் தப்பை முதல்ல கண்டுபிடிக்கிறவர் அதுல ஏற முயற்சி பண்றவர்தான். ஆனா வேலை ஒதுக்குற கூட்டத்துல அவர் இருக்கமாட்டார்.

அதனாலதான் 2025 ஏப்ரல்ல தமிழ்நாடு சட்டமன்றத்துல வந்த மசோதாக்கள் எனக்கு முக்கியமா படுது. ஊராட்சியில இருந்து மாநகராட்சி வரைக்கும் உள்ளாட்சி அமைப்புகள்ல மாற்றுத்திறனாளிகளை உறுப்பினரா நியமிக்க அது வழி செய்யுது. தேர்தல்ல ஜெயிச்சு வர்ற இடம் இல்ல, நியமனம்தான். அது போதுமாங்கிற கேள்வி நியாயமானது. ஆனா தமிழ்நாட்டுல பன்னிரண்டாயிரத்துக்கும் மேல கிராம ஊராட்சிகள் இருக்கு, பாலவனத்தமும் அதுல ஒண்ணு. அங்க உட்கார்ந்து "இது எத்தனை அடி? நான் எப்படி ஏறுறது?"ன்னு ஒருத்தர் கேட்டா, அந்தக் கேள்வி மினிட்ஸ் புக்ல பதிவாகும்.

அடுத்த முறை ஊருக்குப் போனா ஊராட்சி ஆபீஸ், ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம் வாசல்ல ஒரு நிமிஷம் நில்லுங்க. உயரத்தை அளங்க, 12ஆல பெருக்குங்க. கணக்கு இடிச்சா எழுதிக் கொடுங்க. கொடுக்கும்போது 'அமைக்கலாம்'னு எழுதாதீங்க, 'அமைக்க வேண்டும்'னு எழுதுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.