பொன் தேடிய பந்தலூர்

ஜாசினிலுள்ள நம் தோட்டங்களிலிருந்து கிழக்கே நோக்குவோர்க்குக் குனோங் லேடாங் மலை தெரியும். வெள்ளையர் அதற்கு இட்ட பெயர் ஓஃபிர். விவிலியத்திலே சாலமன் மன்னனுக்குப் பொன் வந்த நாட்டின் பெயர் அது. 1854-ஆம் ஆண்டில் அதன் மீதேறிய இயற்கை நூலறிஞர் வாலஸ், யானைச் சாணத்தைக் கண்டதையும், காண்டாமிருகம் ஒன்று ஓடும் அரவத்தைக் கேட்டதையும் எழுதி வைத்தார். பொன்னின் பெயரையும் விலங்கின் வாழ்வையும் ஒருங்கே சுமந்த மலைகள் உலகிற் பலவுண்டு. தென்னாப்பிரிக்காவில் பலபோர்வா என்னும் செம்புச் சுரங்க நகரின் வாயிலிலேயே க்ரூகர் வனவிலங்குப் பூங்கா தொடங்குகிறது. ஆயின் நாம் ஈண்டுக் கூறப் புகுவது தமிழ்நாட்டிலே, நீலகிரியின் மேற்குச் சரிவிலுள்ள தேவாலா, பந்தலூர் ஆகிய ஊர்களின் கதை. தோட்டத்தில் பிழைப்போர்க்கு அது அயலார் கதை அன்று.

கூடலூரை அடுத்த இப்பகுதி முன்பு மலையாள மாவட்டத்து வயநாட்டைச் சேர்ந்திருந்தது. 1877-இல் நீலகிரியோடு இணைக்கப்பட்டது. ஆற்று மணலை மரத்தட்டில் அலசிப் பொன்துகள் எடுப்பதைக் குறும்பரும் பணியரும் முன்னமே அறிந்திருந்தனர். எடுத்த பொன் அவர்களுக்கா சேர்ந்தது? நிலம் ஜன்மிகளுடையது, பணியரோ வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் ஆண்டுக்கு ஆண்டு விலை பேசப்பட்ட கொத்தடிமைகள். கோயில் வாசலிலே மனிதனை வாடகைக்கு எடுத்த நாடு நம் நாடு! இதை மறைத்துவிட்டு வெள்ளையன் கொள்ளையை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

பிறகு காப்பி வந்தது. இலங்கையில் 1869-இல் தோன்றிய இலைநோய் இங்கும் பரவவே, காப்பித் தோட்டங்கள் நொடித்தன. அவ்வேளையில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் சுரங்க அதிகாரியாயிருந்த பிரோ ஸ்மித் என்பாரை அரசாங்கம் அழைத்து வந்தது. வயநாட்டுப் பாறைகளில் பொன்னுண்டு என்று அவர் எழுதியதே தாமதம், இலண்டனில் பங்குச் சந்தை வெறிகொண்டது. ஈராண்டிற்குள் நாற்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள். காகிதத்தில் அவற்றின் மூலதனம் ஏறத்தாழ 50 லட்சம் பவுன்! செத்த காப்பித் தோட்டங்கள் பொன்விலைக்கு விற்றன. விற்றவர் செல்வரானார், வாங்கியவர் ஏமாந்தார். கல் நொறுக்கும் இயந்திரங்கள் மலையேறின. அவற்றுட் சில நிறுத்தப்படவேயில்லை. பந்தலூரில் ஓர் ஊரே எழுந்தது. நொறுக்கிய கல்லில் செலவுக்குக் கட்டும்படியான பொன் இல்லை. சில ஆண்டுகளில் பங்களாக்களிற் புதர் மண்டிற்று. அதே காலத்திற் கோலார் வயலிற் பொன் கொழித்தது; அங்கே ஆழத்திற் புதைந்த தமிழர் கதை 2001-இல் சுரங்கம் மூடப்படும் வரை நீண்டது. அதை வேறொருகால் எழுதுவோம்.

நாம் கிராணி வேலை பார்ப்பவர். எந்த ஏட்டைத் திறந்தாலும் பெயர்ப்பட்டியலைத்தான் முதலில் தேடுவோம். ஃபிரான்சிஸ் துரை 1908-இல் வெளியிட்ட நீலகிரி மாவட்ட விவரநூலில் கம்பெனிகளின் எண்ணிக்கையும் மூலதனமும் வரிசையாயிருக்கின்றன. அக்குழிகளில் இறங்கிக் கல்லுடைத்தவன் ஒருவன் பெயரும் நம் கண்ணிற் படவில்லை. பங்கு வாங்கி ஏமாந்தவனுக்கு வரலாற்றில் இடமுண்டு. முதுகொடிந்தவனுக்கு இல்லை போலும்!

பொன்னின் கல்லறை மேல் தேயிலை வளர்ந்தது. 1964 அக்டோபர் 30-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். இலங்கைத் தோட்டத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்று பங்கு பிரித்தார்கள். ஆட்டு மந்தையையாவது மேய்ப்பன் முகம் பார்த்துப் பிரிப்பான். இம்மக்களை ஒருவரும் கேட்கவில்லை. தாயகம் திரும்பியோருக்கென 1968-இல் தமிழ்நாட்டு அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1976-இல் அது அரசுக் கழகமாயிற்று. பந்தலூர், சேரம்பாடிப் பக்கமெல்லாம் அவர்கள் குடியேற்றப்பட்டனர். கண்டியிற் பறித்த கொழுந்தையே இங்கும் பறித்தனர்.

இதற்கிடையே சுற்றிலும் காடு எல்லை கட்டப்பட்டது. முதுமலை 1940-இல் சரணாலயமாயிற்று. 2007-இல் புலிகள் காப்பகம். மறுபுறம் கேரளத்து வயநாடு சரணாலயம், 1973. இரண்டுக்கும் இடையே யானை நடக்கும் வழியில் தேயிலையும் லயங்களும் நிற்கின்றன. இரவிற் கதவை முட்டும் யானையைக் குறை கூறோம். அது தன் பாட்டன் போன தடத்திற் போகிறது. காட்டைக் காக்க வேண்டாம் என்பதும் நம் வாதமன்று. காட்டைத் திருத்தி இலாபம் கண்டவன் சீமைக்குப் போய்விட்டான். யானையின் எதிரில் நிற்பவனோ பட்டா இல்லாத கூலி. ஜன்ம நிலங்களை ஒழிக்க 1969-இல் சட்டம் வந்தும் ஏராளமான நிலத்திற்கு உரிமை தீராமல் வழக்கு இழுத்தது. அதே கூடலூர்க் காடுகளை முன்னிட்டு நிலம்பூர்க் கோவிலகத்துக் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில்தான் 1996 டிசம்பர் 12-இல் இந்திய உச்சநீதிமன்றம் நாட்டின் காடுகள் அனைத்தையும் பற்றிய பெருந்தீர்ப்பை அளித்தது. காட்டிற்கு வழக்காடக் கோவிலகம் இருந்தது. ஒரே மலையில், பொன் அலசிய பணியனும் கொழுந்து பறிக்கும் அகதியும் ஒருவரையொருவர் வந்தேறி என்று ஏசிக்கொள்ளும்படி ஆயிற்று.

தோழர்களே, இதைப் படிக்கையில் நமக்கு நம் லயம் நினைவுக்கு வராமலிருக்குமா? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டம் துண்டாடி விற்கப்பட்டது. வேலை போனதும் வீடும் போயிற்று. அவர்கள் எந்த ஆண்டு எந்த மரத்தை வெட்டினார்கள் என்று சொல்லச் செக்ரோல் ஒன்றே சான்று. நாம் பணி செய்த ஒரு தோட்டத்தில் நிருவாகம் மாறியபோது பழைய செக்ரோல்களை அலுவலகத்தின் பின்புறம் குவித்து எரித்தனர். அன்று நாம் வாய் திறக்கவில்லை. தீயினின்று மீட்டது ஒரே ஒரு புத்தகம், ஓரம் கரிந்தது. இப்போது இரவுகளில் அதிலுள்ள பெயர்களைப் படியெடுத்து வருகிறோம். பல பக்கங்களிற் பெயரில்லை, கூலி எண்தான் இருக்கிறது. அவ்வெண்களுக்கு உரியவர் யாரென்று வயதான பால்வெட்டுத் தொழிலாளரைக் கேட்டுக் கேட்டு ஓரத்திற் குறித்துக்கொண்டிருக்கிறோம்.