கயிறு மாறிய கதை

அது வந்து சேர்ந்த நாளில் அதைக் கயிறு என்று சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. இரண்டு விரல் அகலத்தில் பருத்தி நாடா. கட்டில் நாடாவைவிடத் தடிமன். கைக்கு மெத்தென்று இருந்தது. எட்டு மீட்டர் நீளம். ஒரு முனையில் தோல்பட்டையோடு சேர்த்துத் தைத்த பித்தளைக் கொக்கி, எந்தப் பக்கம் திருப்பினாலும் சுழலும். மறுமுனையில் கை நுழைகிற அளவுக்கு ஒரு வளையம். கான்பூரில் தைத்தது. சென்னை வரை ரயில், பிறகு பார்சல் வண்டி, கடைசியாக என் சைக்கிள் கேரியர். சிதம்பரத்திலிருந்து பரங்கிப்பேட்டை போகும் வழியில், தென்னந்தோப்பு ஓரத்து மணல்தரையில் அதை முதன்முதலாகப் பிரித்து நீட்டினோம்.

லஞ்சிங் என்று இதற்குப் பெயர். ஆள் நடுவில் நிற்க, கயிற்றின் மறுமுனையில் குதிரை வட்டமாகச் சுற்றிவரும். ஏறி உட்காருவதற்கு முன்னால் இளங்குதிரைக்குக் கொடுக்கும் பாடம் இது. குரலுக்கு நிற்கவும் நடக்கவும் ஓடவும் பழகும்; முதுகில் சேணம் இருப்பதைப் பொறுத்துக்கொள்ளும். பார்த்தால் சுலபமாகத் தெரியும். நானூறு கிலோ எடையுள்ள, எதைக் கண்டாலும் மிரளக்கூடிய ஓர் உயிருக்கும் மனிதக் கைக்கும் நடுவில் இருப்பது அந்த நாடா ஒன்றுதான் என்பது, அதைப் பிடித்து நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

கான்பூருக்கு இந்தத் தொழில் வந்தது பட்டாளத்தால். 1857 கலகத்துக்குப் பிறகு, 1860களில், ராணுவக் குதிரைகளுக்குச் சேணமும் வாரும் செய்ய அங்கே அரசுத் தொழிற்சாலை எழுந்தது. தோல் பதனிடுபவர்களும் தையல்காரர்களும் ஊரைச் சுற்றிப் பெருகினார்கள். கான்பூர் சேணத்துக்கு இன்று புவிசார் குறியீடு உண்டு. அங்கே தைப்பதில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்குக் கப்பலேறுகிறது. அந்தக் கயிறு மட்டும் வழி தப்பித் தெற்கே வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

லஞ்சிங் பழக்கத்தின் வேர் இன்னும் தள்ளி இருக்கிறது. லஞ்ச் என்பது நீளக் கயிற்றைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பிரான்சின் பதின்மூன்றாம் லூயிக்குக் குதிரையேற்றம் கற்றுக்கொடுத்த புளுவினேலின் நூல் 1623இல் படங்களோடு வெளியானது. அதில் குதிரையின் வாயை விட்டுவிட்டு மூக்கெலும்பின் மேல் ஒரு பட்டையைக் கட்டி, அதிலிருந்து கயிறு போகிறது. அந்த மூக்குப்பட்டைக்குக் கேவசன் என்று பெயர். நானூறு வருஷம் ஆகியும் அதைவிட நல்ல ஏற்பாடு வரவில்லை.

நம் கரைக்குக் குதிரை வந்தது அதற்கும் வெகு முன்னால். காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. பாண்டியர் காலத்தில் அது பெருவெள்ளமாயிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்த மார்க்கோ போலோ, வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் வாங்கியும் ஆண்டு முடிவில் மிஞ்சுவது சொற்பம் என்று எழுதினார். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். அடுத்த தலைமுறையில் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னும் விவரமாகச் சொன்னார். கீஷ் தீவு வணிகர் ஜமாலுத்தீன் தம் சொந்த இனத்துக் குதிரைகளாகவே ஆண்டுக்கு 1,400 அனுப்ப ஒப்பந்தம். ஒன்றின் விலை 220 செம்பொன் தினார். வழியில் செத்தாலும் விலை உண்டு. வந்திறங்கிய குதிரையைக் கொட்டிலில் முளையடித்துக் கயிற்றால் நாற்பது நாள் கட்டிப்போட்டுக் கொழுக்க வைப்பார்களாம். பிறகு பயிற்சி கொடுக்காமல், அங்கவடிகூட இல்லாமல், பேய் மாதிரி ஏறி ஓட்டுவார்களாம். கொஞ்ச நாளில் குதிரை வீணாகிவிடும்.

வெளியூர்க்காரர் கண்ணில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால் அந்த நாற்பது நாள் கயிறு என் மனசை விட்டுப் போவதில்லை. கொக்கி, மூக்குப்பட்டை, வட்டம், இருபது நிமிஷம்: இவ்வளவு கிடைத்திருந்தால் எத்தனை குதிரை பிழைத்திருக்கும்!

நம்மிடம் கயிற்றைப் பற்றிய அறிவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பொன்னை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயில் திருப்பணிக்குச் செலவிட்ட கதை எல்லோருக்கும் தெரியும். இறைவனே குதிரை வணிகனாக வந்து பாண்டியனிடம் பரிகளை ஒப்படைக்கிறார். அப்போது ஒரு முறை நடக்கிறது: கயிறு மாறுதல். விற்பவன் கையிலிருந்து வாங்குபவன் கைக்குக் கயிறு போனால் வியாபாரம் முடிந்தது. அதற்கப்புறம் குதிரைக்கு எது நேர்ந்தாலும் வாங்கியவன் பொறுப்பு. அன்றிரவே பரி எல்லாம் நரியாகிப்போனது. பாண்டியனால் வணிகனை ஒன்றும் கேட்க முடியவில்லை. அந்த மாணிக்கவாசகர் சோதியில் கலந்தது இதே சிதம்பரத்தில். பக்திக் கதையாகத்தான் நானும் கேட்டு வளர்ந்தேன். குதிரையோடு பழகிய பிறகு, நடுவில் இருக்கும் அந்த இரண்டு வார்த்தையில்தான் என் காது நிற்கிறது.

குதிரைப்படைகள் மிதித்த மண் இது. 1781 ஜூனில் சிதம்பரம் கோயில் மதிலை ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் தாக்கித் தோற்றுத் திரும்பினார். ஜூலை 1ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியோடு மோதினார். அந்தப் படைகளோடு இங்கே திரிந்த கயிறுகளும் கடிவாளங்களும் எங்கே போயின என்பதற்குச் சுவடு கிடையாது. ஊர்ப்புறத்து ஐயனார் கோயில் மண்குதிரைகளில் மட்டும், குயவர் விரலால் அழுத்தி வைத்த சேணமும் மணிமாலையும் கடிவாள வாரும் அப்படியே நிற்கின்றன.

எங்கள் கயிறு இரண்டு வருஷம் நன்றாக உழைத்தது. கடற்காற்று அதைத் தின்றது. பித்தளை தாங்கிக்கொண்டது, தோல்பட்டையின் தையல் ஐப்பசி அடைமழையில் பூஞ்சை பிடித்து, ஒரு வரிசை முழுக்க நூல் விட்டது. வேறு கயிற்றுக்குச் சொல்லியனுப்பிவிட்டு, அது வரும்வரை சமாளிக்கலாம் என்று கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குப் போகும் தெருவில் நீலநிற நைலான் கயிறு பத்து மீட்டர் வாங்கினேன். படகு கட்டும் கயிறு. அறவே அறாது. அறாது என்பதைத்தான் அன்று பெரிய பலமாக நினைத்தேன். எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். சொன்னேன். "குதிரைக்கா? கையில சுத்திக்காத தம்பி. கயிறு ஓடுச்சுன்னா விட்டுடு" என்றார். வலையும் கயிறும் ஓடும்போது கால் மாட்டிக் கடலுக்குள் போனவர்களை அந்தத் தெரு அறியும்.

நாலாம் நாள் காலை. எங்கள் குதிரை இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மிச்சக் கயிறு வழுக்குகிறதே என்று உள்ளங்கையில் ஒரே ஒரு சுற்றுச் சுற்றியிருந்தேன். கையுறை இல்லை; வெயிலுக்குக் கசகசக்கிறது என்று கழற்றி வேலியில் போட்டிருந்தேன். தோப்பில் ஒரு தென்னை மட்டை விழுந்தது. அந்தச் சத்தத்துக்குக் குதிரை பாய்ந்தது. சுற்று இறுகியது. ஆறேழு அடி மணலில் இழுபட்டேன். பிறகு எப்படியோ கட்டைவிரல் மடங்கி, சுற்று அவிழ்ந்து, கயிறு உள்ளங்கை வழியாக ஓடியது. தோசைக்கல்லில் கை வைத்த மாதிரி. நாலு விரலுக்கும் குறுக்கே தோல் உரிந்து, கீழே வெள்ளையாகத் தெரிந்தது; இரத்தம் அப்புறம்தான் வந்தது. விரல் போகவில்லை என்பது என் அதிர்ஷ்டம். குதிரை பின்னங்காலில் கயிறு உரசிக் குளம்புக்கு மேலே அதற்கும் அதே மாதிரி காயம். என் கை மூன்று வாரத்தில் ஆறியது. குதிரை கயிற்றைக் கண்டால் ஒதுங்குவது அடங்க ஆறு மாதம் ஆயிற்று.

அதற்கப்புறம்தான் சாமானைச் சாமானாகப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். மிச்சக் கயிற்றை வளையமாகச் சுருட்டக் கூடாது. புடவை கொசுவம் மாதிரி முன்னும் பின்னுமாக மடித்து, மடிப்பின் மேல் விரல்களை மூட வேண்டும். இழுத்தால் மடிப்பு மடிப்பாக உருவிப் போகும், கையைப் பிடிக்காது. முனையிலிருக்கும் வளையத்தில் கை நுழைக்கவே கூடாது. நான் அதை வெட்டி எறிந்துவிட்டேன். கையுறை, தலைக்கவசம், மூடிய காலணி இல்லாமல் மணலில் இறங்குவதில்லை. கயிறு தரையில் தொங்கக் கூடாது, குதிரையின் காலுக்கும் நம் காலுக்கும் அது கண்ணி.

கொக்கியை மூக்குப்பட்டையின் வளையத்தில்தான் மாட்ட வேண்டும். கடிவாளத்தின் ஒரு பக்க வளையத்தில் மாட்டினால், இழுக்கும்போது இரும்பு வாய்க்குள் குறுக்கே நழுவி உதட்டையும் நாக்கையும் கிழிக்கும். மூக்குப்பட்டை தளர்ந்திருந்தால் அதன் கன்னவார் வெளிப்பக்கக் கண்ணுக்குள் ஏறிவிடும். சேணம் போட்டிருந்தால் அங்கவடிகளை மேலே ஏற்றி வாரைச் சுற்றிக் கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வோர் எட்டுக்கும் விலாவில் அடிக்கும். கடிவாள வாரை முறுக்கித் தொண்டைப்பட்டைக்குள் சொருக வேண்டும். தலையைப் பக்கவாட்டில் நிதானப்படுத்தும் வார்களை, குதிரை உடம்பு சூடாகித் தானாக முன்னே போகத் தொடங்கிய பிறகே மாட்ட வேண்டும். அவற்றோடு குதிரையைக் கொட்டிலிலிருந்து நடத்திக்கொண்டு வரவே கூடாது. தலை கட்டுப்பட்ட குதிரை மிரண்டால் முன்கால் தூக்கி மல்லாந்து விழும். வட்டம் முடிந்தவரை பெரிதாக இருக்கட்டும். சின்ன வட்டம் மூட்டைத் தேய்க்கும். இரண்டு பக்கமும் சம நேரம், எல்லாம் சேர்த்து இருபது நிமிஷம் போதும்.

சவுக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அது அடிக்க வந்த சாமான் இல்லை. ஒரு கையில் கயிறு குதிரையின் தலையை நோக்கி, மறுகையில் சவுக்கு அதன் பின்புறத்தை நோக்கி. குதிரையை அடிப்பக்கமாகக் கொண்ட முக்கோணத்தின் ஒரு பக்கம் அது, அவ்வளவுதான்.

பழைய பருத்திக் கயிறு இப்போது மூன்று துண்டு. ஒன்று குதிரையை நடத்திப் போகும் பிடிகயிறு. ஒன்றைப் பக்கத்து வீட்டம்மா கன்றுக்குட்டிக்கு வாங்கிப் போனார். நூல் விட்ட தையலோடு கொக்கி இருக்கும் துண்டு மட்டும் கொட்டில் கதவுக்கு மேல் ஆணியில் தொங்குகிறது. நீல நைலான் கிணற்று வாளிக்குப் போய்விட்டது.

போன மாசியில் கான்பூரிலிருந்து புதுக்கயிறு வந்தது. தோப்புக்கார வீட்டுப் பையனுக்குப் பதினாறு வயசு. ஒரு வருஷமாகக் கூடவே நின்று பார்த்தவன். "இன்னிக்கு நீ புடிடா" என்று நீட்டினேன். அவன் உடனே வாங்கவில்லை. ஆணியில் தொங்கும் பழைய துண்டை ஒருதரம் பார்த்தான். கையுறையைக் கழற்றி, புதுக்கொக்கியின் அடியில் இருந்த நாலு வரிசைத் தையலையும் கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொன்றாக நெருடிப் பார்த்தான். கொக்கியைச் சுழற்றினான். முனை வளையத்தைக் காட்டி, "இத வெட்டிடலாமாண்ணே?" என்றான். கத்தியை எடுத்துக் கொடுத்தேன். வெட்டி முடித்து, கையுறையை மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டிக் கயிற்றை வாங்கினான்.