ஃபைல் இருக்கு, தமிழைக் காணோம்

மக்களே, கொஞ்சம் நீளமான இழை. டீயோட உக்காருங்க.

இருபது வருஷத்துக்கு முன்னாடி தமிழில் டைப் பண்ணின குறிப்பை இன்னைக்குத் திறந்து பாருங்க. ஃபைல் பத்திரமா இருக்கும். உள்ளே ஆங்கில எழுத்தும் செமிகோலனும் கொட்டிக் கிடக்கும்.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாதுங்க, எண்தான் தெரியும். எந்த எண் எந்த எழுத்துன்னு ஒவ்வொரு ஃபான்ட்டும் அப்போ சொந்தப் பட்டியல் வெச்சிருந்தது. பாமினியில் 'தமிழ்'னு அடிச்சா உள்ளே பதிவாகிறது ஜே, கே, பி, ஓ, செமிகோலன். பாமினி இருக்கிற வரைக்கும்தான் அது தமிழ்.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு. டாப், டாம்னு ரெண்டு குறியீடு வந்துச்சு. இணையத்தில் புழங்கினவங்க டிஸ்கியை விடல. ஒரே காய்ச்சலுக்கு மூணு டாக்டர் சீட்டு! யூனிகோடில் 1991லேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனா வீட்டு கம்ப்யூட்டரில் அது ஒழுங்காத் தெரிய விண்டோஸ் 2000, எக்ஸ்பி வர வேண்டியிருந்தது.

தமிழக அரசு யூனிகோடைத் தரமா அறிவிச்சது 2010 ஜூனில், நம்ம கோவை கொடிசியாவில் செம்மொழி மாநாடு நடந்தப்போ. கூடவே டேஸ்16. பலருக்கு அந்த மாநாட்டுல கூட்டம்தான் ஞாபகம் இருக்கும். என்னைக் கேட்டா, உருப்படியா மிஞ்சினது இந்த அறிவிப்புதான்.

தப்பிச்சவங்களும் உண்டு. 1998ல் தொடங்கின மதுரைத் திட்டம், டிஸ்கியில் இருந்த நூல்களை யூனிகோடுக்கு மாத்திடுச்சு. எல்லாம் தன்னார்வலர்கள் வேலை. செல்லரிக்கும் முன்னாடி சுவடியைப் புது ஓலையில் பெயர்த்து எழுதின அதே வேலைதான்.

இப்போ உங்க நோட்ஸ் ஆப்புக்கு வருவோம். எங்க ஓபிக்கு வர்ற பாட்டி மஞ்சப்பையில் பழைய சீட்டெல்லாம் கொண்டு வருவாங்க. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் படிக்கலாம். உங்க ஆப்பில் இருக்கிற சர்க்கரை அளவு, அலர்ஜி விவரம் எல்லாம் வெறும் டெக்ஸ்ட் ஃபைலா வெளியே வருமா? இன்னைக்கே எக்ஸ்போர்ட் பண்ணிப் பாருங்க.

பழைய பாமினி ஃபைலை மாத்துறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. நடுவில் ஆங்கிலத்தில் மருந்துப் பேர் இருந்தா, கன்வெர்ட்டர் அதையும் தமிழ்னு நினைச்சுக் குதறிடும். ரெண்டுக்கும் அதே எண்கள்தானே! மூல ஃபைலை அழிக்காதீங்க. எந்த ஃபான்ட்னு ஃபைல் பேரிலேயே எழுதி வைங்க, அப்புறம் பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடலாம்.