மாணவர் ஏடும் இரவல் மரபும்

மாணவர் நால்வர் கூடி ஓர் ஏடு தொடங்க எண்ணுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். வெளியிடுவதற்கு அவர்கள் கையில் ஒரு கவிதைகூட இன்னும் இராது. ஆயினும் ஏட்டின் பெயர் முடிவாகிவிடும். பெயரின் அருகே வரைய வேண்டிய சின்னம் முடிவாகிவிடும். 'மலர் 1, இதழ் 1' என்ற வரியும் எழுதப்பட்டுவிடும். ஒரே ஒரு படியாகக் கையால் எழுதிச் சுற்றுக்கு விடப்படும் ஏட்டிலும் 'தனி இதழ் விலை', 'ஆண்டுச் சந்தா' என்பன இடம்பெறும். கடைசிப் பக்கத்துக் கதை முடிந்துவிட்டாலும் அதன் கீழே 'தொடரும்' என்று போட்டுப் பார்க்கும் ஆசை எந்த மாணவ ஆசிரியரையும் விட்டதில்லை.

பெரியவர்கள் இதைக் கண்டு நகைப்பதுண்டு. நகைப்பதற்கு ஒன்றுமில்லை என்பது என் எண்ணம். தொழிலைக் கற்பவன் முதலில் அதன் வடிவத்தைத்தான் கைக்கொள்கிறான். தோவாளையில் பூத்தொடுக்கும் வீடுகளில் பிறந்த பிள்ளை, மாணிக்கமாலையின் வரிசையைப் பெரியவர் கையைப் பார்த்தே கற்கிறது. எந்த இடத்தில் வெள்ளரளி, எந்த இடத்தில் செவ்வரளி, எங்கே நொச்சியிலை என்பது முன்னரே வகுக்கப்பட்ட ஒழுங்கு. அந்த மாலைக்கு 2025ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தபோது சிறப்பிக்கப்பட்டது அந்த ஒழுங்கும், அதைக் கைமாற்றிக் கொடுத்த தலைமுறைகளுமே. 'மலர்', 'இதழ்' என்ற சொற்களையே தொகுதிக்கும் வெளியீட்டுக்கும் நம் பத்திரிகைகள் வைத்துக்கொண்டதால் தோவாளையின் நினைவு வருவதும் இயல்பே. 1923இல் தோன்றிய 'செந்தமிழ்ச் செல்வி' இதிலும் ஒரு படி மேலே சென்று, தொகுதியைச் 'சிலம்பு' என்றும் வெளியீட்டைப் 'பரல்' என்றும் குறித்தது.

நாஞ்சில் நாட்டு மாணவர்க்கு அச்சு என்பது தொலைவிலிருந்து வந்த புதுமையன்று. தோவாளையிலிருந்து காதத் தொலைவுக்குள் இருக்கும் நாகர்கோவிலில், 1820ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே சார்லஸ் மீட் என்னும் பாதிரியார் அச்சகம் அமைத்துவிட்டார். தமிழில் தோன்றிய சிறுவர் ஏடுகளுள் முதன்மையானதாக ஆய்வாளர்கள் வைத்தெண்ணும் 'பாலதீபிகை' 1840இல் அவ்வூரிலிருந்தே வெளிவந்தது. அதைத் தொடர்ந்து 1849இல் பாளையங்கோட்டையில் 'சிறுபிள்ளையின் நேசத்தோழன்', 1859இல் யாழ்ப்பாணத்தில் 'பாலியர் நேசன்' என்று பிள்ளைகளுக்கான ஏடுகள் கிளைத்தன. இவை மாணவர் நடத்தியவை அல்ல. மாணவர்க்காக மிஷனரிகள் நடத்தியவை. எனினும் இவற்றின் பெயர்களை வாசகர்கள் சற்று நின்று நோக்க வேண்டும். 'நேசத்தோழன்', 'நேசன்' என்ற அந்தச் சொல்லின் பயணம் சுவையானது.

1882ஆம் ஆண்டில் கண்டியிலிருந்து சித்திலெப்பை அவர்கள் ஒரு வார ஏடு தொடங்கினார்கள். வழக்கறிஞராகவும் கல்வித் தொண்டராகவும் விளங்கிய அப்பெருமகன், முஸ்லிம் பிள்ளைகளுக்கு நவீனக் கல்வி வேண்டுமென வாதிட்டவர். பின்னர் 1885இல் 'அசன்பேயுடைய கதை' என்ற நாவலை எழுதி இலங்கைத் தமிழ் நாவலுக்குத் தொடக்கம் செய்தவர். தம் ஏட்டுக்கு அவர்கள் சூட்டிய பெயர் 'முஸ்லிம் நேசன்'. அதே 1882இல் சென்னையில் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய ஏட்டின் பெயர் 'சுதேசமித்திரன்'. வடசொல்லில் மித்திரன் என்றால் நண்பன். நேசன் என்றாலும் அதுவே. கடலின் இருகரையிலும் ஒரே ஆண்டில் தோன்றிய இரண்டு ஏடுகளும் தம்மை வாசகனுக்கு ஆசானாகவோ அரசனாகவோ அறிமுகம் செய்துகொள்ளாமல் தோழனாக அறிமுகம் செய்துகொண்டன. ஐந்தாண்டு கழித்து, 1887இல், சிங்கப்பூரில் மகுதூம் சாயபு அவர்கள் தம் தீனோதய அச்சகத்தில் தொடங்கிய ஏடும் 'சிங்கை நேசன்' எனவே பெயர் பெற்றது. ஒருவரைப் பார்த்து ஒருவர் பெயர் வைத்தனர் என்று இதைக் குறையாகச் சொல்லிவிட முடியாது. பெயரைக் கேட்ட மாத்திரத்தில், 'இது எத்தகைய ஏடு' என்பது புதிய வாசகனுக்கு விளங்கிவிட வேண்டுமென்பதே அன்றைய தேவை. பத்திரிகை என்ற பொருளே பலருக்குப் புதிதாயிருந்த காலம் அது.

இப்போது திருவாரூருக்கு வருவோம். 1940களின் தொடக்கத்தில் அங்கே பள்ளி மாணவராயிருந்த மு. கருணாநிதி, தோழர்களுக்கென ஒரு கையெழுத்து ஏடு நடத்தினார். அதன் பெயர் 'மாணவ நேசன்'. யாழ்ப்பாணத்துப் 'பாலியர் நேசனை' அவர் பார்த்திருக்க வேண்டியதில்லை. கண்டியின் 'முஸ்லிம் நேச'னையும் பார்த்திருக்க வேண்டியதில்லை. ஆறு பத்தாண்டுகளுக்கு மேலாகத் தமிழ்ப் பத்திரிகை உலகில் புழங்கிய ஒரு பெயர்முறை, பள்ளிச் சிறுவன் கைக்கு இயல்பாக வந்து சேர்ந்திருந்தது. மரபு என்பது இப்படித்தான் வந்து சேர்கிறது. எடுத்தவனுக்கே எங்கிருந்து எடுத்தோமென்று தெரியாது.

ஆனால் அவர் எவ்வேடுகளைப் படித்து வளர்ந்தார் என்பது நமக்குத் தெரியும். அவற்றுள் ஒன்று நம் சமுதாயத்துடையது. பா. தாவூத் ஷா அவர்களின் 'தாருல் இஸ்லாம்' ஏட்டைத் தம் மாணவப் பருவத்தில் விரும்பிப் படித்ததைக் கலைஞரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அரசுப் பணியைத் துறந்து பத்திரிகைத் தொழிலுக்கு வந்த தாவூத் ஷா, முஸ்லிம்களின் ஏடு நல்ல தமிழில் இருக்க வேண்டுமென்பதிலும், அச்சுப்பிழையின்றி வெளிவர வேண்டுமென்பதிலும் கண்டிப்பானவர். மார்க்கக் கட்டுரைக்குத் தனி நடை, கதைக்குத் தனி நடை, உலகச் செய்திக்குத் தனி நடை என்று ஓர் ஏட்டுக்குள்ளேயே பல குரல்களுக்கு இடம் வகுத்தவர். மாற்றுச் சமயத்து மாணவன் ஒருவன் அதைத் தேடிப் படித்தான் என்றால், அதற்குக் காரணம் சமயப் பற்றாயிராது. ஏடு ஒழுங்காக நடந்ததே காரணமாயிருக்கும்.

1942 ஆகஸ்ட் 10 அன்று அதே இளைஞர் 'முரசொலி'யைத் துண்டு வெளியீடாகத் தொடங்கினார். எழுதியவர் பெயர் 'சேரன்' எனப் புனைபெயராகவே இருந்தது. 'நேசன்' போய் 'முரசு' வந்தது கவனிக்கத்தக்கது. சிங்கப்பூரில் 1935லேயே 'தமிழ் முரசு' ஒலிக்கத் தொடங்கிவிட்டது. நம்மவர் நடத்திய 'முஸ்லிம் முரசு'ம் இவ்வரிசையில் வந்ததே. தோழனாக அருகில் அமர்ந்து பேசிய பத்திரிகை, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தெருமுனையில் நின்று அறைந்து சொல்லத் தொடங்கியது. காலம் மாறியதைப் பெயர்ப்பலகையே காட்டிவிடுகிறது.

பெயரைப் பற்றி இவ்வளவு சொன்னபின், மாணவர் ஏடுகளின் கடைசிப் பக்கத்தின் அடியில் காணும் சிறிய வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'ஆசிரியர் இன்னார், அச்சிட்டவர் இன்னார், வெளியிட்டவர் இன்னார்' என்ற வரி அது. மாணவர்கள் அதை அழகுக்காக எழுதுகிறார்கள். அஃது அழகுக்காக ஏற்பட்டதன்று. 1867ஆம் ஆண்டின் அச்சக, நூற்பதிவுச் சட்டம், அச்சிட்ட ஒவ்வொரு தாளிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் தெரிய வேண்டுமென்று கட்டளையிட்டது. வெள்ளையர் அரசுக்கு, தவறு நேர்ந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரிந்திருக்க வேண்டியிருந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக நின்ற அச்சட்டத்தின் இடத்தில் 2023இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2024 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது.

தோவாளை அன்று பிரிட்டிஷ் இந்தியாவில் இல்லை. திருவிதாங்கூர் அரசின் எல்லையோர வட்டமாக இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள்தான் அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களோடு சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. அந்தத் திருவிதாங்கூரில், அவ்வரியின் பொருள் என்னவென்பதை 1910இல் எல்லாரும் கண்டனர். வக்கம் அப்துல் காதர் மௌலவி அவர்கள் 1905இல் 'சுதேசாபிமானி' என்ற மலையாள ஏட்டைத் தொடங்கினார்கள். பின்னர் கே. ராமகிருஷ்ண பிள்ளையை அதன் ஆசிரியராக்கி, அவர் எழுத்தில் தாம் தலையிடாமல் ஒதுங்கி நின்றார்கள். உரிமையாளர் முஸ்லிம் மார்க்க அறிஞர், ஆசிரியர் இந்து. அரசின் திவானைக் கடுமையாகக் கண்டித்து எழுதிய அவ்வேடு 1910 செப்டம்பர் 26 அன்று தடை செய்யப்பட்டது, அச்சகம் பறிமுதலானது, ஆசிரியர் திருநெல்வேலிச் சீமைக்கு நாடு கடத்தப்பட்டார். திருவனந்தபுரத்திலிருந்து திருநெல்வேலி செல்லும் பெருவழி தோவாளையைத் தொட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத்தான் செல்கிறது. மௌலவி அவர்கள் 1932இல் மறையும்வரையிலும் அவர்களுடைய அச்சகம் திரும்பக் கிடைக்கவில்லை. தம் ஏட்டின் அடியில் 'வெளியிட்டவர்' என்று ஒரு மாணவன் தன் பெயரை எழுதும்போது, அறிந்தோ அறியாமலோ இந்த வரலாற்றின் ஓரத்தில் கையெழுத்திடுகிறான்.

கையெழுத்து ஏடுகள் சட்டத்தின் கண்ணில் அச்சுத்தாள் ஆகா. 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்ற வரியை அவை சிற்றேடுகளிலிருந்து எடுத்துக்கொண்டன. படியெடுப்பதற்குக் கார்பன் தாள், பின்னர் ஸ்டென்சில் வெட்டிச் சைக்ளோஸ்டைல் என்று வசதிக்கேற்ப வழி கண்டனர். வகுப்பில் எவன் கையெழுத்து அழகோ அவனே அச்சகம். இவ்வேடுகளில் பெரிய பத்திரிகைகளிடம் இல்லாத ஒரு வழக்கமும் இருந்தது. இறுதியில் சில தாள்களை வெறுமையாக விட்டு, படித்தவர் ஒவ்வொருவரும் தம் கருத்தை அங்கேயே எழுதும்படி செய்தனர். ஆசிரியர் தணிக்கை செய்து வெளியிடும் 'வாசகர் கடித'த்தைவிட இது நேர்மையான முறை. இரவல் வாங்கிய வீட்டில் மாணவர்கள் தாமே கட்டிய ஓர் அறை என்று இதைச் சொல்லலாம்.

மாணவர் ஏட்டுக்கு இன்னொரு முன்மாதிரியும் உண்டு: கல்லூரி மலர். அதன் தோற்றுவாய் ஆங்கில மரபு. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1883இல் தொடங்கிய ஏடு அவ்வகையில் புகழ்பெற்றது. அந்நாளில் அது வெறும் ஆண்டறிக்கையாக இருக்கவில்லை. பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையார் எழுதியனவாகக் கூறப்பட்ட கடிதங்களை 1884 செப்டம்பரில் வெளியிட்டு, சென்னையிலிருந்து இலண்டன்வரை பெரும் விவாதத்தைக் கிளப்பியது. பிற்காலத்து மலர்களில் அந்தத் துணிவு எங்கே போயிற்று? முதல்வர் படம், அறிக்கை, விளையாட்டுக் குழுவின் படம், பரிசு பெற்றோர் பட்டியல். எஞ்சிய பக்கங்களில் மாணவர் கவிதை. நம் சமுதாயக் கல்லூரிகளின் மலர்களும் பெரும்பாலும் இவ்வச்சில் வார்க்கப்பட்டவையே. பெற்றோர்கள் தம் பிள்ளையின் படம் உள்ள பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அவர்கள்மீது பிழையில்லை.

வெளியுலகப் பத்திரிகை மாணவனை நேரே தொட்டபோது வேறு விளைவு உண்டாயிற்று. 1950களில் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியின் தமிழ்ச் சங்கம் ஒரு கட்டுரைப் போட்டி வைத்தது. இராமேசுவரத்து மாணவர் அப்துல் கலாம், நம் விமானத்தை நாமே செய்வது பற்றித் தமிழில் எழுதி முதற்பரிசு பெற்றார். பரிசளித்தவர் 'ஆனந்த விகடன்' ஆசிரியர் தேவன். பல்லாண்டு கழிந்து தன்வரலாறு எழுதும்போதும் கலாம் அதை மறவாமல் குறிப்பிட்டிருக்கிறார்.

முதற்பக்கத்தின் உச்சியில் என்ன எழுதுவது என்பது மாணவர் ஏட்டில் சிறு சிக்கலாக எழும். முஸ்லிம் பிள்ளையின் கை '786' என எழுதப் போகும். இந்துப் பிள்ளையின் கை 'உ' எனச் சுழிக்கப் போகும். கிறித்தவப் பிள்ளை சிலுவை இடும். மூவரும் சேர்ந்து படிக்கும் நாஞ்சில் நாட்டுப் பள்ளியில் இது வெறும் அலங்காரக் கேள்வியன்று. சமுதாய ஏடுகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அங்குள்ள மரபைப் பொதுஏட்டுக்கும் கொண்டுவருவான். அதைத் தடுக்காமலும், பிறருடையதை அழிக்காமலும் என்ன செய்வது என்று மாணவர்களே அமர்ந்து பேசி முடிவெடுப்பது நல்லது. ஆசிரியர் ஒருவர் இடையில் புகுந்து தீர்ப்புச் சொல்லிவிட்டால், ஏடு கற்பிக்கக்கூடிய மிகப்பெரிய பாடம் போய்விடும்.

இன்று வடிவமைப்பு எளிதாகிவிட்டது. கைப்பேசியில் விரலை வைத்தால் ஆயத்த முகப்புகள் நூறு வந்து நிற்கின்றன. தமிழக அரசின் பள்ளிக் கல்வித் துறையும் 2022இல் மாணவர்களுக்கென 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' ஆகிய இதழ்களைத் தொடங்கியது. பார்த்துப் பழக ஓர் அண்மை முன்மாதிரி கிடைத்தது. எனக்குள்ள கவலை முகப்பைப் பற்றியதன்று, மொழியைப் பற்றியது. ஏடு என்றால் ஒரு குறிப்பிட்ட தமிழில்தான் எழுத வேண்டுமென்று பிள்ளைகள் எண்ணிக்கொள்கிறார்கள். வீட்டில் 'வாப்பா' என்றழைக்கும் பிள்ளை கட்டுரையில் 'தந்தையார்' என்றெழுதுகிறது. உம்மாவின் அடுப்படியில் புழங்கும் சொல் ஒன்றுகூட ஏட்டுக்குள் வருவதில்லை. பெயரை, சின்னத்தை, கடைசி வரியை இரவல் வாங்கலாம். வீட்டுப் பேச்சை எங்கிருந்தும் இரவல் வாங்க இயலாது.

நம் மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டினத்தில் 1944இல் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான் மலையாள வழியில் படித்தவர். ஏட்டுத்தமிழின் இலக்கணம் அவருக்குப் பள்ளியில் கிடைக்கவில்லை. கடலோர முஸ்லிம்கள் வீட்டிலும் தெருவிலும் பேசிய தமிழ்தான் அவரிடம் இருந்தது. அந்தப் பேச்சிலேயே அவர் எழுதிய 'ஒரு கடலோர கிராமத்தின் கதை', நூலாவதற்கு முன் 'முஸ்லிம் முரசு' ஏட்டில் தொடர்கதையாக வந்தது. மாதந்தோறும் 'தொடரும்' என்ற வரியோடு அதை வெளியிட ஓர் ஏடு துணிந்தது. 1988இல் அது நூலாயிற்று; 1997இல் 'சாய்வு நாற்காலி' நாவலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது அவரைத் தேடி வந்தது.