மால்வெர்ன்: ஒன்றும் கரையாத நீர்

இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயரில், செவெர்ன் ஆற்றுச் சமவெளியினின்று சட்டென எழுபவை மால்வெர்ன் குன்றுகள். அவற்றின் ஊற்றுநீரை 1750களில் ஜான் வால் என்ற மருத்துவர் ஆராய்ந்து, தாதுக்கள் ஏறத்தாழ இல்லையெனக் கண்டார். இரும்பும் கந்தகமும் கரைந்த நீரைத் தேடி மக்கள் அலைந்த காலத்தில், வெறும் தூய்மையே இவ்வூருக்குப் புகழானது விந்தைதான்.

1842இல் வில்சன், கல்லி எனும் இரு மருத்துவர்கள் இங்கு நீர்ச்சிகிச்சை தொடங்கினர். ஈரத்துணியில் சுற்றிக் கிடத்தல், குளிர்நீராட்டு, குன்றேற்றம், கடும் பத்தியம். மேய்ச்சல் நிலங்களுக்கிடையே கிடந்த சிற்றூர் நகராயிற்று. 1860இல் ரயிலும் வந்தது.

அதற்கு முன்பே, 1849இல், சார்லஸ் டார்வின் குடும்பத்தோடு வந்து மாதக்கணக்கில் தங்கினார். ஐயுறுவதையே தொழிலாகக் கொண்டவர். ஆயினும் உடல் தேறிற்று, நம்பினார். அந்த நம்பிக்கையில்தான் 1851இல் நோயுற்ற மகள் ஆனியைக் கல்லியிடம் சேர்த்தார். ஏப்ரல் 23 அன்று, பத்து வயதில், அவள் இறந்தாள். மனைவி எம்மாவோ நிறைமாதக் கர்ப்பிணியாக வீட்டில் இருந்தார். அடக்கத்துக்குக் காத்திராமல் டார்வின் அவரிடம் விரைந்தார். அதைக் கல்நெஞ்சம் என்போருடன் நான் உடன்படேன்.

1863இல் இருவரும் மீண்டும் வந்தனர். மடாலயத் தேவாலய முற்றத்தில் எம்மா தேடியும் கல்லறை அகப்படவில்லை. முன்பு அதைப் பார்த்திருந்த உறவினர் ஃபாக்ஸிடம் கடிதம் எழுதி இடம் கேட்டார் டார்வின். பிறகே கண்டடைந்தனர்.