தாவரவழி நானோ காயக்கட்டு

இலைச்சாற்றால் உருவாக்கிய வெள்ளி நானோ துகள்களைப் பருத்தித் துணியிலோ கைட்டோசான் படலத்திலோ ஏற்றிய புண்கட்டு. துகள்களின் அளவு 1 முதல் 100 நானோமீட்டர். வெள்ளி நைட்ரேட் கரைசலில் சாறு சேர்ந்ததும் அதிலுள்ள பீனாலிகச் சேர்மங்கள் வெள்ளி அயனிகளைத் துகள்களாக்க, கரைசல் பழுப்பாகும். துகள்கள் மெல்ல விடும் அயனிகள் பாக்டீரியாவின் உறையைச் சிதைக்கின்றன.

தாமிரபரணி ஆற்றங்கரை ஊர்களின் சாலையோரங்களில் முளைக்கும் வெட்டுக்காயப் பூண்டு இத்தகைய புண்கட்டு ஆய்வுகளில் பயன்பட்ட மூலிகைகளுள் ஒன்று. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. இலையையும் உலோகத்தையும் இணைப்பது சித்த மருத்துவத்துக்குப் புதிதன்று. ஊமத்தைச் சாறு, மயில்துத்தம் (செப்பு சல்பேட்), தேங்காயெண்ணெய் சேர்த்துக் காய்ச்சும் மத்தன் தைலம் அதற்குச் சிறந்த சான்று.

நானோ காயக்கட்டில் வெள்ளி மிகுந்தால் புதிதாக வளரும் தோல் செல்களும் கெடும். சர்க்கரை நோயாளிகள் கால்புண்ணுக்குத் தாங்களாகப் பச்சிலை கட்டாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.