சித்தூர்க் கிணறுகளும் கரைதிறன் பெருக்கமும்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு விளிம்பில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதிப் பகுதிகளில் பேச்சுத்தமிழ்க் களப்பணிக்காகச் சுற்றிய நாள்களில் நீர் பற்றிய சொற்களைத் தனியே தொகுத்தேன். எங்கும் கேட்கும் பாகுபாடுதான்: நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர். பருப்பு வேகும், சோப்பு நுரைக்கும் நீர் நல்லது. நாக்கும் அடுப்பும் வகுத்த இந்தப் பாகுபாட்டில் ஃபுளோரைடு அகப்படுவதில்லை. கிணற்றுநீரில் காணப்படும் அளவில் அதற்குச் சுவை கிடையாது. பாலக்காட்டு நிலத்தடிநீரில் அது மிகுந்திருப்பதை 2007இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு பதிவுசெய்தது. இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி லிட்டருக்கு 1.5 மி.கி. உச்ச வரம்பு.

பற்களில் கறை படிவதற்குக் காரணம் ஃபுளோரைடு என்பது 1931இல் அமெரிக்காவில் சர்ச்சிலின் பகுப்பாய்வால் தெளிந்தது. ஆறே ஆண்டுகளில், 1937இல், ஷார்ட், பண்டிட், இராகவாச்சாரி ஆகியோர் நெல்லூர் மாவட்டத்து எலும்பு நோயை அதனோடு இணைத்து எழுதினர். நெல்லூர் அன்று சென்னை மாகாணம். சித்தூரோ மலபாருக்கும் கோயம்புத்தூருக்கும் இடையில் கிடந்த கொச்சி அரசின் துண்டு.

இந்நோய்வரலாற்றை மருத்துவ வரலாறாக மட்டுமே வாசிப்பது போதாது என்பது என் கருத்து. அதற்குத் தேவையான வேதியியல் 1889இலேயே நெர்ன்ஸ்டிடம் இருந்தது. அரிதில் கரையும் உப்பொன்றின் தெவிட்டிய கரைசலில், அயனிச் செறிவுகளை உரிய அடுக்குகளுடன் பெருக்கினால் குறிப்பிட்ட வெப்பநிலையில் மாறாத எண் கிடைக்கும்; அதுவே கரைதிறன் பெருக்கம். அயனிப் பெருக்கம் அதனை விஞ்சினால் வீழ்படிவு தோன்றும். (விழுதலையும் படிதலையும் ஒரே தொகையில் அடக்கிய இக்கலைச்சொல்லை ஆக்கியவரை வணங்கலாம்.)

கால்சியம் ஃபுளோரைடின் மதிப்பு 25 பாகையில் ஏறத்தாழ 3.45 × 10⁻¹¹. கால்சியச் செறிவை ஃபுளோரைடுச் செறிவின் இருமடியால் பெருக்க வேண்டும். லிட்டருக்கு 40 மி.கி. கால்சியம் உள்ள நீரில் ஃபுளோரைடு சுமார் 3.5 மி.கி. வரை நிற்கலாம், கால்சியம் 10 மி.கி. ஆகக் குறைந்தால் 7 மி.கி. வரை. உண்மை நீரில் பிற அயனிகளின் குறுக்கீட்டால் எண்கள் சற்றே பெயரும், போக்கு மாறாது.

கால்சியம் எங்கே போகிறது? நீர் பாறையோடு நெடுங்காலம் உறவாடும்போது பைகார்பனேட்டும் காரத்தன்மையும் கூடுகின்றன. கால்சியம் கார்பனேட்டின் கரைதிறன் பெருக்கமும் சிறியதே, ஏறத்தாழ 3.4 × 10⁻⁹. ஆகவே கால்சியம் கார்பனேட்டாக வீழ்படிகிறது. களிமண்ணும் கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தை விடுகிறது. ஃபுளோரைடைத் தடுத்து நிறுத்தியிருக்கக்கூடிய காவல் இவ்வாறு விலகுகிறது. பாறையிலுள்ள ஃபுளோரைடு மேலும் கரைய இடமுண்டு. ஓர் உப்பின் வீழ்ச்சி மற்றொன்றன் கரைவுக்கு வழிவிடுகிறது. பருப்பு நன்றாக வேகும் மென்னீர் இவ்வகை நீராகவும் இருக்கலாம் என்பதே ‘நல்ல தண்ணீர்’ என்ற சொல்லில் எனக்கு உறுத்துவது.

அப்படியானால் சுண்ணாம்பு சேர்த்து வீழ்படிய வைக்கலாமே என்று தோன்றும். தூய நீரில் கால்சியம் ஃபுளோரைடு தெவிட்டும்போதே ஃபுளோரைடு 8 மி.கி. அருகில் நிற்கிறது. 1.5 மி.கி.க்குக் கொண்டுவரக் கால்சியம் 220 மி.கி. வேண்டும், குடிநீரில் கால்சியத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்சமே 200 மி.கி. அதாவது, ஒரு நோயை நீக்க மற்றொரு வரம்பை மீற வேண்டும். நாக்பூர் நீரி நிறுவனம் 1970களில் வகுத்த நல்கொண்டா முறை சுண்ணாம்போடு படிகாரத்தையும் சேர்ப்பது இதனால்தான்: உருவாகும் அலுமினியம் ஹைட்ராக்சைடுத் திரள் ஃபுளோரைடைத் தன்மேல் ஈர்த்துக்கொண்டு அடியில் தங்கும். இங்கே வேலை செய்வது பெரும்பாலும் கரைதிறன் பெருக்கமன்று, பரப்புக் கவர்ச்சி. திரளை வடிகட்டிய பின் எஞ்சும் சேற்றைக் கிணற்றடியிலேயே கொட்டினால் ஃபுளோரைடு மீண்டும் மண்ணுக்குத் திரும்பக்கூடும்.

நம் வகுப்பறைகளில் இன்றும் வெள்ளி குளோரைடைக் கொண்டே இப்பாடம் தொடங்குகிறது. சித்தூர் மாணவர் எவர் வீட்டுக் கிணற்றிலும் வெள்ளி இல்லை.